சிம்பிளாக மூன்று வரி

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் இளைய மகள் லீலா பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வயது பன்னிரண்டு. நாங்கள் இருக்கும் மலாயாவில், ஈப்போ நகரத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். ‘சிம்பிள்’ என்ற சொல்லை வைத்து ஐந்து வாக்கியங்கள் எழுதி வரச் சொல்லியிருந்தார்களாம். நான்கை முடித்துவிட்டு ஐந்தாவதற்குப் பென்சிலைக் கடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மளமளவென்று எழுதி என்னிடம் நீட்டினாள். ‘என் தகப்பனார் ஒரு சிம்பிளான மனிதர்’ என்று இங்கிலீஷில் இருந்தது.

“தப்பு இருக்கா பாருங்கப்பா” என்றாள்.

எழுத்தில் தப்பு இல்லை. மற்றதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நோட்டை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் என் மூத்த மகள் கமலாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் நிறைந்தது. கமலா இப்போது சோழவந்தானில், அவளுடைய தாய்மாமன் வீட்டில் இருக்கிறாள். தலைப்பிரசவம். பெற்ற தாய் இல்லாத பெண்ணுக்குத் தாய் வீடு என்று இருப்பது அந்த ஒரு வீடுதான். இன்றோ நாளையோ தந்தி வரும் என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டுக் கதவு போன வருஷம் எங்களுக்கு அடைபட இருந்தது. அடைத்தவன் நானே. மதுரையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது. உங்கள் பக்கமும் இந்தச் சிம்பிள் வந்து உட்கார்ந்துகொண்டதைப் போன வருஷம் என் காதாலேயே கேட்டேன். மதுரை ரயிலடிக் காப்பிக் கடையில் ஒருவர் “சிம்பிளா ரெண்டு இட்லி” என்று கேட்டார். ஆடம்பரமாக ரெண்டு இட்லி எப்படி இருக்கும் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

2

இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது மதுரையில், கணக்கு வாத்தியார் வாயில். சிம்பிள் இன்ட்ரஸ்ட். அது எனக்கு ஒருநாளும் சிம்பிளாக இருந்ததில்லை. அடுத்தபடி என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் முத்தையாவின் கடிதத்தில் வந்தது. அவன் கள்ளுக்கடை மறியலில் பிடிபட்டு, ஆறு மாதம் ‘சிம்பிள்’ என்று தீர்ப்பு வாங்கினான். வெறுங்காவல் என்று அர்த்தம். கல் உடைக்கிற கடுங்காவல் கொடுக்கவில்லையே என்று அவனுக்கு மகா குறை.

ஆனால் இந்தச் சொல்லுக்கு என்னை அடிமையாக்கியவர் எங்கள் தோட்டத்துத் துரை. ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், ஒரு லாரி வாய்க்காலில் கவிழ்ந்தது. நான் ஆறு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதிக்கொண்டு போனேன். அன்றைக்கு அடித்த மழை, டிரைவரின் பெண்சாதிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, எல்லாம் அதில் இருந்தன. துரை சிவப்பு மையால் முழுவதையும் அடித்து, மேலே ‘சிம்பிள், ப்ளீஸ்’ என்று எழுதினார். மூன்று வரியாகச் சுருக்கிக்கொண்டு போனேன். தோளில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டின் சூடு பல வருஷம் இறங்கவில்லை.

அதே துரை, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் நம் ஜனங்களைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல்லைச் சொல்வார். “சிம்பிள் பீப்பிள்” என்பார். அப்போது அவர் உதடு ஒரு பக்கமாக வளையும். கடிதம் சிம்பிளாக இருந்தால் மெச்சுதல், கோட்டு சிம்பிளாக இருந்தால் நல்ல ருசி, ஆள் சிம்பிளாக இருந்தால் மட்டி. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கப் பத்து வருஷம் ஆயிற்று. அதுவரை எல்லாவற்றையும் மெச்சுதலாகவே எடுத்துக்கொண்டு, உடை சிம்பிள், சாப்பாடு சிம்பிள், பேச்சு சிம்பிள் என்று திரிந்தேன்.

என் மனைவி பார்வதிக்கு இது பெரிய வேடிக்கை. “இன்னைக்குக் குழம்பு வைக்கவா, இல்ல சிம்பிள் குழம்பு வைக்கவா?” என்று கேட்பாள். “ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்றால், “சிம்பிள் குழம்புன்னா புளி கரைக்க மாட்டேன்” என்பாள். என் வெள்ளை வேட்டியைத் தினம் துவைத்துக் கஞ்சி போடுகிறவள் அவள். “உங்க சிம்பிளுக்கு ரெண்டு ஆளு வேலை பாக்க வேண்டியிருக்கு” என்று கயிற்றில் உதறிப் போடுவாள். நான் சிரித்துக்கொண்டே ஆபீசுக்குப் போய்விடுவேன்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து மருந்துச்சாலையின் டிரஸ்ஸர் வந்து பார்த்து, “சிம்பிள் ஃபீவர், மிஸ்டர்” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கவலை பாதி குறைந்தது. பத்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அது டைபாய்டு என்று தெரிந்தது. பதினெட்டாம் நாள் அவள் இல்லை.

அவளுடைய அண்ணன் வேலாயுதத்துக்கு நான் எழுதிய கடிதம் இது. ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

‘என் மனைவி பார்வதி சென்ற செவ்வாய்க்கிழமை காலை காலமானாள். டைபாய்டு காய்ச்சல். குழந்தைகள் இருவரும் சுகம்.’

வேலாயுதம் மச்சானிடமிருந்து பதில் வரவில்லை. ஐந்து வருஷம் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், கடிதம் எழுத ஆள் கிடைக்கவில்லை போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3

கமலாவுக்குப் பத்தொன்பது முடிந்தபோது, முத்தையா தன் மகன் சுந்தரத்துக்கு அவளைக் கேட்டு எழுதினான். சுந்தரம் மதுரையில் பள்ளிக்கூட வாத்தியார். கதர்தான் கட்டுவான். கல்யாணம் திருப்பரங்குன்றம் கோவிலில், ஒரு மாலை, ஒரு தாலி, பாயசத்தோடு ஒரு சாப்பாடு, அவ்வளவு போதும் என்பது அவன் கட்சி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் வாழ்நாளில் எனக்கு ஏற்ற மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஈப்போவிலேயே அச்சுக்கூடத்தில் கார்டு அடித்தேன். நல்ல தடித்த காகிதம், பூ வேலைப்பாடு கிடையாது. உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தபாலில் அனுப்பினேன். வேலாயுதம் மச்சானுக்கும் அதே கார்டுதான். கூட ஒரு துண்டுக் காகிதத்தில், ‘கல்யாணம் சிம்பிள். சீர் எதுவும் வேண்டாம். சிரமப்பட வேண்டாம்’ என்று எழுதி வைத்தேன். இத்தனை பக்குவமாக எழுதியதற்கு எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன்.

இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கினோம். அம்மை குத்திய சான்று, பெட்டிச் சோதனை, ஒரே கேள்வியை மூன்று மேஜைகளில் மூன்று பேர் கேட்பது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கடைசி மேஜையில் இருந்தவர் கமலாவிடம், “சொந்த ஊர் எது?” என்றார். அவள் பிறந்தது மலாயா. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், “சோழவந்தான்” என்றாள் அவள். அந்த ஊரை அவள் கண்ணால் பார்த்தது கிடையாது. எனக்குச் சுருக்கென்றது.

கமலாவின் தமிழே அப்படித்தான். கடைத்தெருவை ‘பசார்’ என்று மலாய்ச் சொல்லால் சொல்வாள். மற்றதெல்லாம் அவள் தாயிடம் பிடித்த பேச்சு. வாரேன், போறேன், அம்புட்டு, இம்புட்டு. அலுவலகத் தமிழும் இங்கிலீஷுமாக நான் பேசியது எதுவும் அவளிடம் ஒட்டவில்லை. லீலாவுக்கு அந்தப் பேச்சும் இல்லை. தாய் போனபோது அவளுக்கு ஆறு வயது. அவள் இங்கிலீஷில்தான் கனவு காண்கிறாள் என்று நினைக்கிறேன்.

திருப்பரங்குன்றத்தில் முத்தையாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு ஒரு வீடு பிடித்திருந்தார்கள். போய் இறங்கிய அன்றே முத்தையாவின் மனைவி வந்து உட்கார்ந்தார். கணீரென்ற குரல், எதையும் சுற்றி வளைக்க மாட்டார்.

“அண்ணே, பொண்ணோட தாய்மாமனுக்குப் பாக்கு வச்சாச்சா?”

“கார்டு அனுப்பியிருக்கிறேன்.”

“தபால்லயா?” என்று அவர் கேட்ட தினுசில் எனக்கு வியர்த்தது. “தாய்மாமனுக்கா தபால்ல அனுப்புனீங்க? நேர்ல போயி வெத்தல பாக்குத் தட்ட நீட்டி, வந்து நடத்திக் குடுங்கன்னு கேக்கணும்ல? மொதப் பாக்கே அவுகளுக்குத்தானே?”

“சிம்பிளாக நடத்துவது என்று…”

“என் மகனுந்தான் சிம்பிளு சிம்பிளுன்னு உசுர வாங்குறான். சிம்பிளுன்னா சாப்பாட்டக் கொறைங்க, மேளத்தக் கொறைங்க. மாமனக் கொறைப்பாகளா? மாமன் மால போட்டு, கையப் புடிச்சுக் கூட்டியாந்து மணையில உக்கார வச்சாத்தான் பொண்ணு. இல்லாட்டி நான் சம்மதிக்க மாட்டேன், ஆமா.”

சுந்தரம் கதவோரம் நின்று ஏதோ சொல்லப் பார்த்தான். தாயார் திரும்பிப் பார்த்ததும் சட்டையின் பொத்தானைச் சரிசெய்துகொண்டான். விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. சோழவந்தான் பக்கத்து உறவுக்காரர் ஒருவர்கூட வருவதாக இல்லை. தாய்மாமனுக்கே பாக்கு வைக்காத கல்யாணத்துக்கு நாம் எதற்கு என்று பேசிக்கொண்டிருந்தார்களாம். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் இருந்தது.

மறுநாள் காலை மதுரை மார்க்கெட்டில் நல்ல வெற்றிலையாகப் பார்த்து வாங்கினேன். பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய் எல்லாம் தட்டில் வைத்தாயிற்று. அழைக்கப் போகிறவர்கள் ஜோடியாகப் போக வேண்டும். எனக்கு ஏது ஜோடி? தட்டை வைத்துக்கொண்டு முழித்தேன்.

“அம்மா எடத்துல நான் வாரேன்ப்பா” என்றாள் கமலா.

கல்யாணப் பெண் தன் கல்யாணத்துக்குத் தானே அழைக்கப் போவது எங்கும் இல்லாத வழக்கம். முத்தையாவின் மனைவி மூக்கில் விரல் வைத்தார். கொஞ்ச நேரம் கமலாவையே பார்த்துவிட்டு, “போய்ட்டு வா தாயி” என்றார்.

4

சோழவந்தானில், வைகைக் கரையில், மச்சானின் வெற்றிலைக் கொடிக்கால் அப்படியேதான் இருந்தது. அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடிகள் ஏறி மேலே பந்தலாக மூடியிருந்தன. உள்ளே நிழல், ஈரம், வரிசை வரிசையாக வாய்க்கால்கள். நான் நேராக உள்ளே காலை வைத்தேன்.

“அண்ணே, அண்ணே! செருப்போட போகாதீக!” என்று சத்தம் கேட்டது. வேலாயுதம் மச்சானின் மனைவி சிவகாமி. கொடிக்காலுக்குள் யாரும் செருப்புக் காலோடு போவதில்லை, அங்கே லட்சுமி இருக்கிறாள் என்று வைத்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. மறந்திருந்தேன். என் காலில் இருந்ததோ கயிறு கட்டிய பூட்ஸ். தட்டைக் கமலாவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து முடிச்சோடு மல்லாடினேன். முடிச்சு இறுகியது. கடைசியில் சிவகாமிதான் உட்கார்ந்து அவிழ்த்துவிட்டது.

மச்சான் வரிசையின் கோடியில் நின்று வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. தாய் தகப்பன் இல்லாத பார்வதியை வளர்த்து ஆளாக்கி எனக்குக் கட்டிக்கொடுத்தவர். பழைய நாளில் என்னை ‘மாப்ள’ என்று கூப்பிட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

“வாங்க தொரை” என்றார். கை நிற்கவில்லை.

அந்த ஒரு சொல்லில் நான் அங்கேயே நின்றுவிட்டேன். அதற்குள் கமலா முன்னால் போய்விட்டாள். “மாமா, நல்லாருக்கீகளா?” என்றாள்.

கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். முகத்தைப் பார்த்ததைவிட, அந்தக் குரல் வந்த வாயைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பார்வதியின் குரல் அது, பார்வதியின் இழுப்பு. “இருக்கேன்த்தா” என்று மெதுவாகச் சொன்னார்.

நான் பாடம் பண்ணி வந்த பேச்சை ஆரம்பித்தேன். வந்து நடத்திக்கொடுக்க வேண்டும் என்று தட்டை நீட்டினேன். அவர் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துப் புரட்டினார்.

“எங்க வாங்குனீக?”

“மதுரை மார்க்கெட்டில்.”

“இது நம்ம கொடிக்கா வெத்தல. மூணு நாளைக்கு மின்ன நாந்தான் ஏத்திவிட்டேன்.” திரும்பத் தட்டிலேயே வைத்தார். சிவகாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டது. நானும் சிரித்திருப்பேன், அவர் சிரித்திருந்தால்.

அவர் மோட்டார் கொட்டகைக்குப் போய் ஒரு தகர டப்பாவைத் திறந்து ஒரு காகிதத்தைக் கொண்டு வந்தார். மடிப்புகளில் கிழிந்து நான்கு துண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என் கடிதம்.

“படிங்க” என்றார்.

படித்தேன். படித்து முடிக்க எத்தனை நேரம் ஆகும்?

“அம்புட்டுத்தானா?”

நான் துண்டுகளைச் சேர்த்து மடித்தேன்.

“அன்னைக்கித் தபால்காரருதான் வாசிச்சாரு. அம்புட்டுத்தானான்னு கேட்டேன். அம்புட்டுத்தான்னாரு. பின்பக்கம் பாருங்கண்ணேன்னேன். பின்பக்கம் ஒண்ணுமில்லன்னாரு. எத்தன நாளு காச்ச, என்ன சாப்புட்டா, யாரக் கேட்டா, ஒண்ணுமில்ல. ‘என் மனைவி பார்வதி’யாம். அவ ஒங்க மனைவின்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன தாலுக்காக் கச்சேரி அதிகாரியா?”

“சுருக்கமாக எழுதுவது என் வழக்கம் மச்சான்…” என்றேன். சொல்லும்போதே எனக்கு அது பொய்யாகக் கேட்டது. கமலாவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி ஒளிக்க முடியாது என்று தோன்றியது. வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்தேன். அன்று அந்த வரப்பில் சொன்னதை, ஊரில் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

பார்வதி சாவதற்கு முந்திய வருஷம், ஒருமுறை ஊருக்குப் போய் அண்ணனைப் பார்த்து வர வேண்டும் என்று கேட்டாள். எனக்கு லீவு பாக்கி இருந்தது. மனுப் பாரத்தை வாங்கி, அவள் பேரும் குழந்தைகள் பேரும் எழுதி, கையெழுத்தும் போட்டேன். அந்தச் சமயத்தில் பெரிய கிராணி வேலை காலியாக இருந்தது. நான் ஊருக்குப் போனால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். பாரத்தை வீட்டு மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். பார்வதியிடம், மனுப் போட்டாயிற்று, துரையிடமிருந்து பதில் வரவில்லை என்றேன். எட்டு மாதம் அதையே சொன்னேன். அவள் பெட்டியில் அண்ணனுக்கு ஒரு பனியன், மதினிக்கு ஒரு சேலை என்று சேர்த்துக்கொண்டே வந்தாள். பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சலின் நடுவிலும் “பதில் வந்திருச்சா?” என்று கேட்டாள். பாரம் அப்போதும் மேஜைக்குள்தான் இருந்தது. இதையெல்லாம் எழுத வேண்டி வருமே என்றுதான் மூன்று வரியோடு நிறுத்தினேன். சிம்பிள் என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டேன்.

சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் போன அன்றுகூட நான் அப்படி அழுததில்லை.

மச்சான் எதிர் வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

“வீட்டுக்கு வரணும்னு கேட்டாளா?”

“கேட்டாள்.”

“கடைசியா என்ன சாப்புட்டா?”

“அரிசிக் கஞ்சி. சுட்ட அப்பளம் கேட்டாள். டாக்டர் கூடாது என்றார். நான் ஒரு துண்டு கொடுத்தேன்.”

“குடுத்தீகளா?” அவர் முகம் முதல் தடவையாக இளகியது. “அப்பளம்னா அவளுக்கு உசுரு.”

பிறகு கேள்வி மேல் கேள்வி. எந்தக் கட்டில், ஜன்னல் இருந்ததா, தலைமாட்டில் யார், முடியைச் சீவிவிட்டது யார். நான் ஒன்றைச் சொன்னால் விட்டதைக் கமலா எடுத்துச் சொன்னாள். சிவகாமி முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டே இருந்தது. வெயில் ஏறி உச்சிக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தப் பதினெட்டு நாளை நான் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கடைசியில் மச்சான் எழுந்து துண்டை உதறினார். “ஒங்க மேல எனக்கு ஆத்திரம் தீராது, சொல்லிட்டேன். உத்தியோகத்துக்காகப் புள்ளைய ஏமாத்தியிருக்கீக. ஆனா இத அன்னைக்கே எழுதியிருந்தா ஒங்களத் திட்டித் தீத்திருப்பேன், அவளுக்காக அழுது தீத்திருப்பேன். ரெண்டுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டீகளே.”

வரிசைக்குள் போனார். கொழுந்தாகப் பார்த்து வெற்றிலை கிள்ளிக்கொண்டு வந்தார். தட்டிலிருந்த மார்க்கெட் வெற்றிலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தம்முடையதை அடுக்கி, தட்டைக் கமலாவின் கையில் கொடுத்தார்.

“இப்ப வையித்தா” என்றார்.

அவள் நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “முகூர்த்தம் எத்தன மணிக்கு மாப்ள?” என்று கேட்டார்.

5

திரும்பும் ரயிலில் கமலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். எனக்கு வெளியே பார்க்கவும் தைரியம் இல்லை, உள்ளே பார்க்கவும் தைரியம் இல்லை. மதுரை கோபுரங்கள் கண்ணில் படுகிற இடத்தில்தான் வாயைத் திறந்தாள்.

“அம்மா செத்துப்போனப்போ அந்தப் பனியன எங்க போட்டீகப்பா?”

“பெட்டியிலேயே இருக்கிறது.”

“சேலையும் இருக்கா?”

“இருக்கு. ரெண்டையும் கொண்டுவந்திருக்கிறேன். கொடுக்கத்தான் துணிவு வரவில்லை.”

கொஞ்ச தூரம் போயிற்று. “கல்யாணத்தன்னைக்கு நான் குடுக்குறேன்” என்றாள். அப்புறம், “லீலாட்ட நீங்கதான் சொல்லணும். வேற யாரும் சொல்லக்கூடாது” என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

கல்யாணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சோழவந்தானிலிருந்து ஒரு பஸ் நிறைய ஜனம் வந்து இறங்கியது. மச்சான் மடிப்புக் கலையாத புதுப் பனியனோடு மலைக்கோவில் வாசலில் நின்றார். அது அவருக்கு ரொம்பச் சிறிசு. தங்கச்சி மனதில் இருந்த அண்ணன் இளவயசுக்காரர். மாலை போட்டு, கமலாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மணையில் உட்கார வைத்தார். மேளம் ஒன்று, பாயசம் ஒன்று, வந்தவர்களுக்கெல்லாம் அவர் கொடிக்கால் வெற்றிலை. முத்தையாவின் மனைவி என்னிடம் வந்து, “இப்பத்தாண்ணே சிம்பிளா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

6

லீலாவிடம் நான் சொல்லவில்லை. கப்பலில் சொல்லலாம் என்றிருந்தேன். அவளுக்குக் கடல் மயக்கம். வந்ததும் பரீட்சை. பிறகு மழை. ஒரு வருஷம் ஓடிவிட்டது. மேஜைக்குள் பாரத்தை வைத்துப் பூட்டின அதே கைதானே இது?

அதனால்தான் போன ஞாயிறு அந்த ஐந்தாவது வாக்கியத்தைப் பார்த்ததும் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. நோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே போய் வேலியோரம் கொஞ்சம் நடந்தேன். திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தப் பாரத்தை எடுத்து அவள் நோட்டின் மேல் வைத்தேன். மஞ்சளடித்துப் போயிருந்தது. தமிழில்தான் சொன்னேன். அவளுக்குப் புரியாத சொல் வந்தபோது நிறுத்தி, வேறு மாதிரி சொன்னேன். ஒன்றையும் சுருக்கவில்லை.

அவள் பாரத்தை வரி வரியாகப் படித்தாள். மனைவி, பார்வதி. மகள்கள், கமலா, லீலா. தன் பேரின் மேல் விரலை வைத்தாள்.

“நானும் போக இருந்தேனா?”

“நீயும்தான்.”

அழுதாள். என் பக்கத்தில் வரவில்லை. இரண்டு நாள் சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், சாப்பிடுவாள், போவாள். எனக்கு அது வேண்டியதுதான் என்று இருந்தேன். மூன்றாம் நாள் காலை பஸ்ஸுக்குப் போகும்போது, “சோழவந்தானுக்கு அடுத்த லீவுல போவோமா?” என்று தமிழில் கேட்டாள். அன்றே ஆபீசில் பாரம் வாங்கி எழுதித் துரையின் மேஜையில் என் கையாலேயே வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் இத்தனை நீளமாக எழுத வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

இவ்வளவும் எழுதி இங்கே வந்து நிறுத்தியிருந்தேன். இன்று மத்தியானம் தந்திச் சேவகன் சைக்கிளில் வந்தான். கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்திருந்த லீலா அதை வாங்கிப் பிரித்தாள். அனுப்பியவர் வேலாயுதம். எழுதத் தெரியாத மனிதர் தபாலாபீசில் நின்று யாரிடமோ சொல்லி, இங்கிலீஷில் போடச் செய்திருக்கிறார். மூன்றே மூன்று சொல்.

லீலா காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கத்தைத் திருப்பி, இங்கிலீஷில் இருந்ததை எனக்காகத் தமிழாக்கி, நிறுத்தி நிறுத்திச் சத்தமாகப் படித்தாள்.

“பார்வதி வீட்டுக்கு வந்துட்டா.”